செத்த காலேஜும் மூன்று பிள்ளைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பழைய பட்டணத்து மக்கள் வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள மிருகங்கள் இருந்த தோட்டத்துக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். அருங்காட்சியகம் 1851-ல் கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் முதன்முதலில் தொடங்கப் பெற்றது. அதனால்தான் ‘காலேஜ்’ என்ற சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854-ல் அது எழும்பூருக்கு இடம் மாறியது. நாம் பயிலும் இந்தக் கல்லூரியும் அதே 1854-ல்தான் காவிரிக் கரையில் மாகாணப் பள்ளியாகப் பிறந்தது. ஒரே ஆண்டில் இரண்டு ‘காலேஜு’கள்! இந்தப் பொருத்தத்தை நமது வரலாற்றுத் துறை நண்பர்கள்கூட இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். எலும்பும் கல்லும் மட்டும் பொதுமக்களை இழுக்கா என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855-ல் அதே வளாகத்தில் ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். சனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அந்தக் காட்சிசாலைதான் பின்னர் மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985-ல் வண்டலூருக்குச் சென்று சேர்ந்தது. உயிர் காலேஜ் ஊருக்கு வெளியே போய்விட்டது. செத்த காலேஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் எழுத வந்தது இந்தச் செத்த காலேஜுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றித்தான்.

அருங்காட்சியகத்தைப் ‘பார்த்துவிட்டு வருவது’ என்று ஒரு வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப் போனார்கள். இரண்டு பேருந்துகள், நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். காலையில் ஒரு கோயில், நடுவில் ஓர் அருங்காட்சியகம், மாலையில் கடற்கரை. அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்டது நாற்பது நிமிடம். ஆசிரியர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே முன்னால் போனார். நாங்கள் வரிசையாகப் பின்னால் ஓடினோம். அறிவுப்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகையால் பலகையைப் பார்த்தோமே ஒழிய, பலகைக்குப் பின்னாலிருந்த பிராணியைப் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் ‘நான் கண்ட அருங்காட்சியகம்’ என்று கட்டுரை எழுதி எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினோம். காணாததைக் கண்டதாக எழுதுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காளின் பிள்ளைகள் மூவரை எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். அக்காளும் உடன் வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா குத்தகை நிலத்தில் குறுவையும் தாளடியும் போடுகிறவர். அக்காளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது.  ஆகவே இந்தப் பயணத்தில் ‘படித்தவன்’ என்ற பொறுப்பு என் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. பிள்ளைகளில் மூத்தவள் பதினான்கு வயது, பத்தாம் வகுப்புக்குப் போகிறவள். நடுவனுக்கு ஒன்பது. கடைக்குட்டிக்கு நான்கு முடியவில்லை. இந்த மூன்று வயதையும் ஒரே சமயத்தில் ஒரே கூடத்தில் நிறுத்தி வைப்பது, மூன்று மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டுவது போன்ற காரியம்.

முதலில் கடைக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மிகவும் பிடித்தது சுவரில் ஓடிய ஓர் உயிருள்ள பல்லி. அடுத்தபடியாக மாடிப்படி. அதற்கு அப்புறம்தான் புலி. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் அவன் கேட்டது ஒரே கேள்வி: “மாமா, இது தூங்குதா?” செத்துப்போனது என்று சொன்னேன். நம்பவில்லை. செத்தது எப்படிக் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும்? அவன் கேட்டது நியாயந்தானே! உள்ளே பஞ்சும் கம்பியும் வைத்துத் தோலைத் தைத்து, கண்ணுக்குக் கண்ணாடி வைக்கிறார்கள் என்று விளக்கினேன். “அப்ப பொம்மையா?” என்றான். பாதி பொம்மை, பாதி புலி என்று சொல்லி வைத்தேன். பாடம் செய்தல் என்ற கலைக்கு இதைவிடச் சரியான வரையறையை எங்கள் பாடநூலில் நான் படித்ததில்லை.

திமிங்கில எலும்புக்கூட்டுக்கு வந்தோம். 1874-ல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அது. நடுவன் அதன் விலா எலும்புகளை எண்ணத் தொடங்கினான். பாதியில் தம்பி குறுக்கே ஓடினான்; எண்ணிக்கை தவறிவிட்டது; மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். மூன்று முறை எண்ணினான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உலகம் ஒரு கணக்கு. எத்தனை, எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, நம் வீட்டுத் திண்ணையில் கிடத்தினால் எதுவரை வரும் என்றுதான் அவன் கேட்கிறான். “ஏன்” என்று அவன் கேட்கவே இல்லை. அவனிடம் பரிணாமக் கொள்கையைப் பேசியிருந்தால் வீணாகப் போயிருக்கும். அவனை எண்ண விட்டுவிட்டு நாங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

மூத்தவள் அதுவரை எதிலும் பட்டுக்கொள்ளாமல் கைப்பேசியும் கையுமாக நடந்து வந்தாள். பதினான்கு வயதில் எதையும் பார்த்து வியப்பது கௌரவக் குறைச்சல். தம்பிகளோடு வந்ததே அவளுக்கு வெட்கம். ஆனால் திமிங்கிலத்தின் துடுப்பு அருகே நின்றுவிட்டாள். தோளிலிருந்து ஓர் எலும்பு, அதையடுத்து இரண்டு எலும்புகள், அப்புறம் சிறு சிறு எலும்புகள், அப்புறம் விரல்கள். தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “மாமா, மீனுக்கு எதுக்குக் கை?” என்று கேட்டாள்.

மீன் அல்ல என்றேன். நம்மைப் போலப் பாலூட்டும் பிராணி, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நான்கு காலால் நடந்த மூதாதையரின் வழியில் வந்தது என்று சொன்னேன். பின்னங்கால் போய்விட்டது, இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் உடலுக்குள் சிறு துண்டாகக் கிடக்கும். சுண்டெலிக்கும், ஒட்டகச்சிவிங்கிக்கும், திமிங்கிலத்துக்கும், உனக்கும் கழுத்து எலும்பு ஏழுதான் என்றேன். அவள் பின்னங்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைப்பேசி பைக்குள் போய்விட்டது. இதே செய்தியை நான் முதலாண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஒத்த உறுப்புகள், ஐந்து மதிப்பெண், படம் வரைக. அவளோ கேள்வி கேட்டு விடையை அடைந்தாள்.

இங்கே சிலர் கேட்பது எனக்குத் தெரியும். ‘எலும்பைப் பார்ப்பதற்கு இரவெல்லாம் ரயிலில் போக வேண்டுமா? கைப்பேசியைத் தட்டினால் திமிங்கிலம் நீந்துவதையே பார்க்கலாமே!’ பார்க்கலாம். ஆனால் கைப்பேசியில் எறும்பும் திமிங்கிலமும் ஒரே அளவு. நான்கு வயதுக் குழந்தை அதன் தாடையெலும்பின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது அதற்குத் தெரியவருகிற அளவு, எந்தத் திரையிலும் கிடையாது. லண்டனில் 1881-ல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், நுழைந்தவுடன் தெரியும் பெரிய மண்டபத்தில் நெடுநாளாக ஒரு டைனசோரின் வார்ப்பு நின்றது. 2017-ல் அதை எடுத்துவிட்டு, 1891-ல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் உண்மை எலும்புக்கூட்டைத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். திரைக்கும் கணினிக்கும் பஞ்சமில்லாத நாடுதான் அது.

யானையின் எலும்புக்கூட்டைப் பார்த்த நடுவன், “இதுக்கு ஒத்தக் கண்ணா மாமா?” என்றான். மண்டையோட்டின் நடுவே பெரிய குழி. கோயில் வாசலில் யானையிடம் காசு கொடுத்து ஆசி வாங்கி வளர்ந்த பையன் அவன்; ஆனால் தும்பிக்கைக்குள் எலும்பில்லை, அது முழுவதும் தசை, அந்தக் குழி மூக்கின் வழி என்பது அவனுக்குத் தெரியாது. கிரேக்கர்களின் ஒற்றைக் கண் அரக்கன் கதை, பழங்காலக் குட்டை யானைகளின் மண்டையோட்டைக் கண்டவர்களால் பிறந்திருக்கலாம் என்று ஒத்தேனியோ ஆபெல் என்ற அறிஞர் 1914-ல் கருதினார். ஓர் அறிஞரின் ஊகமும் கும்பகோணத்து நாலாம் வகுப்பு மாணவனின் ஊகமும் ஒரே இடத்தில் போய் நின்றதை எண்ணி எனக்குச் சிரிப்பு வந்தது.

பறவைக் கூடத்தில் நான் பேசவில்லை. பேசியது அக்காள். ஒவ்வொரு பெட்டியாக நின்று, “இது மடையான், நடவு வயல்ல வந்து நிக்கும். இது உள்ளான். இது நத்தைகொத்தி நாரை, நம்ம ஏரிக்கரையில வந்து நத்தையைத் தூக்கும்” என்று சொல்லிக்கொண்டே போனார். பலகையைப் படிக்கவே இல்லை. மடையானுக்கு ‘அர்டியோலா கிரேயி’ என்ற பெயர் எனக்குத் தெரியும். ஆனால் நடவு வயலில் அது எங்கே நிற்கும், பறக்கும்போது அதன் வெள்ளை இறக்கை எப்படித் திடீரென்று தெரியும் என்பது அக்காளுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் மூவரும் தாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?’ என்ற வியப்பு அந்த முகங்களில் இருந்தது. அருங்காட்சியகங்களில் எழுதி வைக்கும் பெயர்ப்பலகைகள் பற்றி எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: விஞ்ஞானப் பெயருக்கு அடியில், உழவர் சொல்லும் பெயரையும் போடட்டும். பலகையைக் குழந்தையின் கண் மட்டத்தில் வைக்கட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது.

மூத்தவள் இன்னொன்றும் கேட்டாள்: “இதையெல்லாம் கொன்னா வெச்சாங்க?” பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் உலகெங்கும் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுத்தான் சேகரித்தார்கள். திமிங்கிலம் போலத் தானாக இறந்து ஒதுங்கியவையும் உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அப்படியெல்லாம் சுட முடியாது. ஆகவே அந்தப் பெட்டிகளில் இருப்பவை இனிக் கிடைக்காதவை. விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. நம் அண்ணன்மார் தவளையையும் கரப்பானையும் அறுத்துப் படித்தார்கள். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் விலங்கறுப்பை நிறுத்தச் சொன்னது. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அறுக்காமல் அறிய வேண்டுமானால், ஏற்கெனவே குடுவையில் இருக்கும் உயிரினங்களுக்கு நாம் இரட்டிப்பு மதிப்புக் கொடுக்க வேண்டுமே! கொடுக்கிறோமா?

பகல் ஒரு மணிக்கு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கடைக்குட்டி என் தோளில் தூங்கிவிட்டான். இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவை சில கூடங்கள் மட்டுமே. நடராசர் திருமேனிகள் இருக்கும் வெண்கலக் கூடத்துக்குப் போகவில்லை. ஊருக்கு வந்ததும் சித்தப்பா, “நம்ம சீமைச் சாமி எல்லாம் அங்கதான் இருக்கு, அதைப் பாக்காம என்னடா பாத்தீங்க?” என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவன் பார்க்காமல் விடுவதற்குத் துணிய வேண்டும். களைத்த குழந்தைக்குக் கடவுளும் கல்லும் ஒன்றுதான். அருங்காட்சியகம் எங்கேயும் ஓடிவிடாது.

ஓடிவிடாது என்றேன், அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. தில்லியில் 1978-ல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் தீயில் எரிந்தது. நமக்கு அருகிலேயே அதைவிட வருந்தத்தக்க ஒன்று நடந்திருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர்ச் சீமை. அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில் கடல் சிப்பிகளும், ‘அம்மோனைட்’ எனும் சுருள் ஓடுகளும் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அது கடலாக இருந்தது. அங்கே கல்லமேடு என்ற ஊரருகே மாபெரும் டைனசோர் ஒன்றின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980-களின் இறுதியில் அதை உலகுக்கு அறிவித்து, பேருடல் என்னும் பொருள்பட ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். முதலில் ஊன் தின்னியாகக் கருதப்பட்ட அது, நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்று பின்னர் கொள்ளப்பட்டது. பூமியில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று இன்று விஞ்ஞானிகள் விவாதிக்கிறார்கள். எலும்பை அளந்து தீர்த்துக்கொள்ள வழியில்லை. ஏனெனில் எலும்பு இல்லை! களிமண்ணில் கிடந்து நொறுங்கும் நிலையில் இருந்த அவை பொடிந்து போயின. எஞ்சியவை சில படங்களும் கோட்டோவியங்களுமே. காவிரிப் படுகையின் அந்தப் பூதத்தின் காலடியில் நின்று, ஒரு நாலு வயதுப் பிள்ளை “தூங்குதா?” என்று கேட்கும் வாய்ப்பு இனி இல்லை.

இருப்பவையும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அதை 1940-ல் ஆராய்ந்து வெளியுலகுக்கு அறிவித்தவர் நம் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த நிலவியல் மேதை எம். எஸ். கிருஷ்ணன். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சை அரண்மனையிலும் ஒரு திமிங்கில எலும்புக்கூடு உண்டு. 1955-ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? விலங்கியல் இரண்டாமாண்டு வகுப்பில் நான் கேட்டபோது உயர்ந்த கைகள் நான்கு.

இரவு ரயிலில் திரும்பும்போது, பிள்ளைகள் தூங்கிய பிறகு அக்காள் கேட்டார்: “தம்பி, அந்தப் பொட்டியில பேரு எழுதி வெக்கிறாங்களே, அவங்க என்ன படிச்சிருப்பாங்க?” எம்.எஸ்ஸி. படித்துத் தேர்வாணையத் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்றேன். “இவ படிக்கணும்னா எத்தனை வருசம் ஆகும்?” பள்ளியில் மூன்று, கல்லூரியில் ஐந்து, ஆக எட்டு என்றேன். மூத்தவளைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அத்தான் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். விழுப்புரம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் சக மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். எழும்பூருக்குப் போக எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா இருக்கமாட்டார். இருந்தாலும் ரயில் கட்டணத்துக்குப் பணம் இருக்காது. நமது விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கச் சுவரலமாரிகளில் குடுவைகள் வரிசையாக நிற்கின்றன. கடல்குதிரை இருக்கிறது, நட்சத்திர மீன் இருக்கிறது, இருதலை மணியன் என்று ஊரில் சொல்லும் மண்ணுளிப் பாம்பு இருக்கிறது. செய்முறைத் தேர்வன்று மட்டும் அவற்றைப் பார்க்கிறோம். ‘இனம் கண்டு குறிப்பு வரைக’ என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த அறையை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கூடாதா?

விழா வேண்டாம். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம்; அவர்கள் பேசி முடிப்பதற்குள் சிறுபிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நூறு பேரை ஒன்றாக அழைக்கவும் வேண்டாம். மாநகராட்சிப் பள்ளியிலிருந்து ஒரு முறைக்குப் பதினைந்து பேர் போதும். அண்ணனும் தம்பியும் அக்காளும் தங்கையும் சேர்ந்தே வரட்டும்; வகுப்பு வாரியாகப் பிரிக்க வேண்டாம். சின்னது கேட்கும், நடுவில் இருப்பது எண்ணும், பெரியது விளக்கம் சொல்லும். நமக்கு வேலை குறையும்! யாரும் எதையும் நோட்டில் எழுத வேண்டியதில்லை. முடிந்தால் தாய்மார்களையும் வரச் சொல்லலாம். குடுவையிலிருக்கும் வயல் நண்டைப் பற்றி நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்வார்கள்.

குடுவைகளின் மேல் ஒட்டிய காகிதங்கள் மங்கிவிட்டன. அவற்றுக்குத் தமிழில் புதிய சீட்டு எழுத வேண்டும். கையெழுத்து அழகாக உள்ள தமிழ்த்துறை நண்பர் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர்களைச் சேகரித்துத் தரும் பொறுப்பை அக்காளிடம் ஒப்படைத்திருக்கிறேன். அறைச் சாவியைத் துறைத் தலைவர் அவர்கள் மனம் வைத்துத் தர வேண்டும். அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அலமாரியைத் துடைக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் ஆய்வுக்கூட உதவியாளரிடம் பெயர் கொடுக்கவும். துணியும் வாளியும் நான் கொண்டு வருகிறேன்.